வெட்டுப்புள்ளிக்கு முந்திய கதவு

ஓஎல் பெறுபேறு வந்த கிழமை எங்கட ஊரில எல்லா வீட்டிலயும் ஒரே கேள்விதான்: "இனி என்ன படிக்கப் போறாய்?" நான் "நேர்ஸ்" என்று சொன்னேன், பெரியம்மா மாதிரி. அது நடக்காது என்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. உயிரியல் படிக்க தம்பலகாமத்திலிருந்து திருகோணமலை டவுனுக்குப் போக வேணும். வயலை நம்பியிருக்கிற வீட்டில் பஸ் காசு, ரியூசன் காசு, இருட்டினால் பொம்பிளைப் பிள்ளை எப்படித் திரும்பி வருவாள் என்ற பயம். இப்போது வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். வரலாறு பிடிக்கும், அது வேறு கதை. ஆனால் அந்தக் கதவை யார், எப்போது வைத்தார்கள் என்ற கேள்வி போகவில்லை.

1860இல் லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பள்ளி 15 பெண்களோடு தொடங்கியது. அங்கே பார்த்தது மார்க்ஸ் இல்லை. வயது, உடல்நலம், நன்னடத்தைச் சான்று. உள்ளே வந்த பிறகும் மேற்றன் மாதாமாதம் நேரம் தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் என்று குறித்து வைத்தார். எங்கட பக்கத்தில் 1898இல் இணுவிலில் தொடங்கிய மக்லியொட் மிஷன் வைத்தியசாலை தமிழ்ப் பெண்களைத் தாதிகளாகப் பயிற்றியது. அந்நியர் உடம்பைத் தொடுகிற வேலைக்கு மகளை அனுப்ப வீடுகள் தயங்கிய காலம் அது. பிள்ளை வந்து சேருவதே பெரிய விஷயம்.

பெரியம்மா பயிற்சிக்குப் போனது எழுபதுகளின் கடைசியில், ஓஎல்லோடு. அதே பத்தாண்டில் பல்கலைக்கழக வாசலில் வேறு சண்டை நடந்தது. 1970/71 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களமொழி மாணவருக்கு 229. இந்த இரண்டு எண்களும் எங்கட அரசியலையே மாற்றின. பிறகு 1974இல் மாவட்டக் கோட்டா. இங்கே கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்று இருக்கு. தரப்படுத்தல் பற்றி நாங்கள் பேசும்போது பெரும்பாலும் யாழ்ப்பாணத்தின் குரலில்தான் பேசுகிறோம். மொழிவாரி அநியாயம் தமிழ்மொழியில் எழுதிய எல்லோரையும் அடித்தது, சரி. ஆனால் மாவட்டக் கோட்டா திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் போன்ற இடங்களுக்குக் கதவைக் கொஞ்சமாவது திறந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டினால் கிழக்கின் கதை காணாமல் போகும்.

அந்தச் சண்டையில் தாதியர் கல்வி இல்லவே இல்லை, ஏனென்றால் அது அப்போது பல்கலைக்கழகத்துக்குள் வரவில்லை. சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விளம்பரம் போட்டு ஆள் எடுத்தது. 1994இல்தான் திறந்த பல்கலைக்கழகம், ஏற்கெனவே வேலையில் இருந்த தாதியருக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பிறகு மற்றப் பல்கலைக்கழகங்கள். எங்கட கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இப்போது தாதியர் பட்டம் இருக்கு. அதோடு இசட் புள்ளியும் கோட்டாவும் தாதிக்கும் வந்து சேர்ந்தன: 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கு.

நல்லதுதான். ஆனால் கோட்டாவுக்கு மாவட்டம் மட்டும்தான் தெரியும். டவுனில் ஆய்வுகூடமும் ரியூசனும் உள்ள பிள்ளையும், உயிரியல் ஆசிரியரையே காணாத பிள்ளையும் அதற்கு ஒரே திருகோணமலைதான். நான் வெட்டுப்புள்ளியில் தோற்கவில்லை. வெட்டுப்புள்ளி வரைக்கும் போகவே இல்லை. பதினாறு வயதில், எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிரிவு இருக்கு என்பதிலேயே முடிந்துவிட்டது. இந்தக் கணக்கு எந்த வெட்டுப்புள்ளிப் பட்டியலிலும் வராது.

சரி, உள்ளே போனவர்கள்? பட்டப்படிப்பு ஆங்கிலத்தில். தாதியர் படிக்கிற ஒரு சிநேகிதி சொன்னாள், முதல் வருசம் அவளை அழவைத்தது உடற்கூறியல் இல்லையாம், லெக்சர் நோட்ஸில் இருந்த இங்கிலிஷாம். இரண்டாம் வருசம் வார்ட்டுக்குப் போனதும் நிலைமை மாறியது. நோயாளியோடு தமிழில் பேசத் தெரிந்தது அங்கே பெரிய பலம். இசட் புள்ளியில் அதற்கு இடம் இல்லை. உயிரியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்தின் அளவு பிழைத்தால் ஒரு உயிர் போகும். அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருட அடிப்படைப் பாடநெறி வைத்து, கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி விட்டால் என்ன?

பெரியம்மா இப்போது ஓய்வு. ஊரில் யாருக்காவது புண்ணுக்கு மருந்து கட்ட வேணும், சுகர் பார்க்க வேணும் எண்டால் இன்னமும் அவவைத்தான் கூப்பிடுகினம். அவவின் பேத்தி அடுத்த வருசம் ஓஎல் எடுக்கிறாள்.