ஆசிரியர்களுக்கான ஊக்க ஊதிய உயர்வு (தமிழ்நாடு, 1969–2020)

ஊக்க ஊதிய உயர்வு என்பது, தம் பதவிக்கு வேண்டியதைவிடக் கூடுதலான கல்வித்தகுதி பெறும் ஆசிரியருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கிவந்த முன்னூதிய உயர்வு ஆகும். 10.01.1969 நாளிட்ட கல்வித்துறை அரசாணை எண் 42 இதற்கு அடிப்படையாக அமைந்தது. 10.03.2020 நாளிட்ட பணியாளர் துறை அரசாணை எண் 37 இதனை முடிவுக்குக் கொண்டுவந்தது.

வழங்கப்பட்ட முறை

ஓர் உயர்தகுதிக்கு இரண்டு ஊதிய உயர்வுகள் சேர்த்து வழங்கப்பட்டன. பணிக்காலத்தில் இருமுறை இதனைப் பெறலாம். பட்டதாரி ஆசிரியர் ஒருவர் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்து முதல் ஊக்க ஊதியமும், எம்.எட். முடித்து இரண்டாவதும் பெறுவது வழக்கம். படிப்பில் சேருமுன் துறையின் அனுமதி பெறவேண்டும். தேறியபின் சான்றிதழைப் பணிப்பதிவேட்டில் பதியவேண்டும்.

எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது ஆசிரியர் அறைகளில் ஓயாத பேச்சாக இருந்தது. தாம் நடத்தும் பாடத்திலேயே முதுகலை படித்தால் ஊதியத்தோடு முதுகலை ஆசிரியர் பதவி உயர்வுக்கும் வழி பிறக்கும். எம்.எட். பெரும்பாலும் ஊதியத்துக்கே உதவியது.

அஞ்சல்வழிக் கல்வி

அரசாணை வந்தபோது, வேலையை விடாமல் படிக்க வழி குறைவு. செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள கருங்குழி போன்ற ஊர்களில் பணியாற்றியவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் வடக்கே சென்னை, தெற்கே சிதம்பரம். பகலில் பள்ளி நடத்திவிட்டுக் கல்லூரிக்குப் போக இயலாது. இந்நிலையை அஞ்சல்வழிக் கல்வி மாற்றியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதனைத் தொடங்கின. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. பாடநூல்கள் அஞ்சலில் வீடு தேடி வந்தன. தொடர்பு வகுப்புகளும் தேர்வுகளும் விடுமுறை நாள்களில் நடந்தன.

பணமதிப்பு

ஏழாவது ஊதியக்குழுவின்படி பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.36,400. இரண்டு உயர்வுகள் சேர்ந்தால் அது ரூ.38,600 ஆகும். மாதம் ரூ.2,200 வீதம் ஆண்டுக்கு ரூ.26,400 கூடும். அகவிலைப்படி இதற்கு மேல். அடுத்தடுத்த ஆண்டு உயர்வுகளும் இந்தக் கூடிய தொகையின் மீதே கணக்கிடப்படும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு ஓய்வூதியமும் கூடும்.

நிறுத்தமும் பின்விளைவும்

ஏற்கெனவே உயர்வு பெற்றவர்களின் ஊதியம் 2020 அரசாணையால் குறைக்கப்படவில்லை. ஆகவே ஒரே பள்ளியில், ஒரே பட்டம் பெற்ற இருவரிடையே நிலையான ஊதிய வேறுபாடு தோன்றியது. பணம் கட்டிப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பேரிழப்பு.

2023இல் அரசு ஒருமுறை மட்டும் வழங்கும் ஊக்கத்தொகையை அறிமுகப்படுத்தியது. முனைவர் பட்டத்துக்கு ரூ.25,000, முதுகலைக்கு ரூ.20,000, பட்டம் அல்லது பட்டயத்துக்கு ரூ.10,000. முதுகலைக்கான இத்தொகை, பழைய முறையில் தொடக்கநிலைப் பட்டதாரி ஆசிரியர் முதல் ஆண்டிலேயே பெற்றிருக்கக்கூடிய ரூ.26,400ஐவிடக் குறைவு. இன்று உயர்கல்வியில் சேரும் ஆசிரியர் ஊதியத்தைவிடப் பதவி உயர்வுத் தகுதியையும் பாட அறிவையும் முன்வைத்தே படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.