பூட்டின்றி இயங்கும் பகிர்வு: தனிக்கணினியில் கிளஸ்டர் கோப்பமைப்பு

முன்னுரை

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இத்தகைய பேராலைகளின் இருப்பு, உற்பத்திக் கணக்குகளைக் கணினிகள் பல ஒருங்கே எழுதவும் படிக்கவும் வேண்டியுள்ளது. ஒரே வட்டைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டர் கோப்பமைப்பு இத்தகைய தேவைக்கென உருவானது. அதனை ஒற்றைக் கணினியில் இயக்கும்போது பாதுகாப்பு எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதை அதன் வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1980களில் டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கிளஸ்டர்கள், பல கணினிகளுக்கும் பொதுவான பூட்டு மேலாண்மையை நடைமுறைப்படுத்தின. 1990களின் நடுப்பகுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஜிஎஃப்எஸ் கோப்பமைப்பு, தொடக்கத்தில் பூட்டுகளைச் சேமிப்புக் கருவியிலேயே வைத்தது. பின்னர் அதனை வளர்த்த சிஸ்டினா நிறுவனத்தை ரெட் ஹேட் 2003 டிசம்பரில் வாங்கியது. 2004இல் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. இரண்டாம் வடிவமான ஜிஎஃப்எஸ்2, 2006 நவம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.19இல் இடம்பெற்றது.

பூட்டும் பூட்டின்மையும்

இவ்வமைப்பில் பூட்டு முறை மாற்றத்தக்கது. பல கணினிகளுக்கு 'டிஎல்எம்'. ஒரு கணினிக்கு 'நோலாக்'. பின்னதில் கணினிகளுக்கிடையே அனுமதி கேட்கும் வழக்கமே இல்லை. இரு கணினிகள் ஒரே வட்டை இவ்வாறு இணைத்தால், எந்த இடம் காலியாக உள்ளது என்பதை ஒவ்வொன்றும் தன் நினைவகத்தைக் கொண்டே முடிவு செய்யும். ஒரே இடம் இரு கோப்புகளுக்கு ஒதுக்கப்படும். இச்சிதைவு பெரும்பாலும் உடனே வெளிப்படாது என்பதே இதன் கொடுமை.

2010இல் வெளியான ஆறாம் பதிப்பிலிருந்து, ஜிஎஃப்எஸ்2ஐத் தனிக்கணினிக் கோப்பமைப்பாகப் பயன்படுத்துவதற்கான ஆதரவை ரெட் ஹேட் நிறுத்தியது. எனினும், காப்புநகல் எடுத்தல் போன்ற தேவைகளுக்காக ஸ்நாப்ஷாட் படிகளை இணைப்பதற்கு இடமளித்தது. படி என்பது மூலவட்டிலிருந்து பிரிந்தது. பிற கணினிகள் அதில் எழுதுவதில்லை. ஆகவே பூட்டின்மை அங்குக் கேடு செய்வதில்லை. பூட்டு முறையை வட்டிலேயே நிலையாக மாற்றாமல், இணைக்கும் பொழுதுக்கு மட்டும் மாற்றுவதும் இவ்வெச்சரிக்கையின் பகுதியே.

முடிவுரை

பூட்டு நீங்கும்போது காவற்பொறுப்பு நிரலிடமிருந்து மனிதரிடம் மாறுகிறது. 'வேறெவரும் இவ்வட்டைத் தொடவில்லை' என்பதை நோலாக் சோதிப்பதில்லை. உண்மையென ஏற்றுக்கொண்டே இயங்குகிறது. அவ்வுண்மையை, பிற கணினிகளுக்கு அவ்வட்டு எட்டாதவாறு துண்டித்து நிலைநாட்டுவது நிர்வாகியின் கடமை. தனிக்கணினிப் பயன்பாட்டின் பாதுகாப்பு இதிலேயே அடங்கியுள்ளது.