யு-வா, ஏ-வா? கார்ட்டூன் படத்துக்கு வயசு குறிச்ச கதை

போன வாரம் அக்கா பொண்ணுக்கு ஒரு அனிமேஷன் படம் போட்டேன். அவளுக்கு அஞ்சு வயசு. பாதியிலேயே என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "மாமா, நிறுத்து"ன்னா. 'யு' படம்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நான் நிறுத்தல. ராத்திரி முழுக்க அவ தூங்கல. அந்தக் குற்ற உணர்ச்சியில தேடினதுதான் இந்த எபிசோடு.

1938. டிஸ்னியோட 'ஸ்னோ ஒயிட்' பிரிட்டனுக்கு வருது. அங்கே இருந்த தணிக்கை வாரியம் அதுக்கு 'ஏ' கொடுத்தது. நம்ம ஊர் 'ஏ' இல்ல. பெரியவங்க கூட வந்தாதான் குழந்தைகள் பார்க்கலாம்னு அர்த்தம். சூனியக்காரியும், கை நீட்டிப் பிடிக்க வர்ற காட்டு மரங்களும் சின்னப் பசங்களைப் பயமுறுத்தும்னு கவலை. ஆனா 1909 சட்டப்படி தியேட்டர் லைசென்ஸ் உள்ளாட்சி மன்றங்கள் கையில இருந்தது. பல மன்றங்கள் வாரியத்தை மீறி, குழந்தைகள் தனியாவே பார்க்கலாம்னு விட்டுட்டாங்க.

40 வருஷம் கழிச்சு நேர்மாறா நடந்தது. 1978-ல வந்த 'வாட்டர்ஷிப் டவுன்' முயல்களோட கதை. ரத்தம், சாவு எல்லாம் உண்டு. வரைஞ்ச படம்தானே, முடிஞ்சதும் மனசுல நிக்காதுன்னு அதே வாரியம் 'யு' கொடுத்தது. பெற்றோர்கள் வருஷக்கணக்கா புகார் சொன்னாங்க. 2022-லதான் அது 'பிஜி' ஆச்சு. 'ஸ்னோ ஒயிட்' இன்னைக்கு அங்கே 'யு'!

சான்றிதழ் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவா போடறது. என் சட்டையைப் பிடிச்சது ஒரே ஒரு குழந்தை. இனிமே படத்தை முதல்ல நான் பார்ப்பேன். அவ நிறுத்துன்னா, நிறுத்திடுவேன்.