வண்ணச் சிலைடு ஃபிலிம்

வண்ணச் சிலைடு ஃபிலிம் என்பது, கழுவியபின் நெகட்டிவாக அன்றி, காட்சியின் இயல்பான வர்ணங்களோடு கூடிய நேர்ப்பிம்பமாகவே நின்று, ஒளியை ஊடுருவவிட்டுத் திரையில் காண்பதற்குரிய புகைப்படச் சுருளாகும்.

வகை: கழுவும்போதே சாயம் ஏற்ற கோடக்ரோம் ஒன்று, சாயமூலங்களைத் தன் படலங்களிலேயே தாங்கி இ-6 முறையில் கழுவப்படும் எக்டாக்ரோம், ஃபுஜிக்ரோம் முதலியன மற்றொன்று.

தேர்வு: ஒளி சிறிது மிகினும் வெண்பகுதிகள் விவரமிழந்து வெளிறுமாதலால், புனேயை அடுத்த தேஹு ரோடு போன்ற தக்காணத்து ஊர்களில், நிழலும் வெயிலும் கடுமையாக முரணும் கோடை நண்பகலைவிடக் காலையும் மாலையுமே இச்சுருளுக்கு உகந்தவை. மழைக்காலத்துச் சஹ்யாத்ரிப் பசுமைக்கு, செறிந்த வர்ணமுடைய ஐஎஸ்ஓ 50 ஃபுஜிக்ரோம் வெல்வியா (1990இல் வெளிவந்தது) ஏற்றது. ஆயினும் கனத்த மேகமூட்டத்தில் எஃப் 5.6 துளைக்கு அது ஏறத்தாழ 1/60 வினாடியே தருமாதலின், அசைவு மிகுந்த கடைத்தெருவுக்கு, முகநிறத்தை மிகைப்படுத்தாத ஐஎஸ்ஓ 100 ஃபுஜிக்ரோம் புரோவியாவோ எக்டாக்ரோமோ பொருந்தும்.

வரலாறு: 1935இல் வெளிவந்த கோடக்ரோமின் உற்பத்தி 2009இல் நின்றது. இந்தியத் தெருவாழ்வை அச்சுருளில் பதிவுசெய்த ரகுபீர் சிங் (1942–1999), கறுப்பு வெள்ளையே கலையெனக் கருதப்பட்ட காலத்தில் வர்ணப் புகைப்படத்திற்குக் கௌரவம் தேடித்தந்த முன்னோடிகளுள் ஒருவர்.