புளியின் பரீட்சை

யுத்தங்களுக்கும் முடிசூட்டு விழாக்களுக்கும் சரித்திரம் எழுதியவர்கள் ஏராளம். ஒரு குழம்புச் சட்டிக்குச் சரித்திரம் எழுத வேண்டும் என்று மட்டும் அவர்களில் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. ஆனால் அரியணையில் ஆள் மாறியதைவிட அடுப்பில் பாத்திரம் மாறியதுதான் நம் வீட்டுப் பெண்களின் வாழ்க்கையை அதிகமாக மாற்றியது என்பது என் அபிப்பிராயம். கதை எழுதுகிறவன் வழக்கம்போல் மிகைப்படுத்துகிறான் என்று வாசகர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லட்டும்.

நம் சமையலுக்கு உயிர் புளி. ரசம், சாம்பார், வற்றல் குழம்பு, மீன் குழம்பு என்று எதை எடுத்தாலும் அங்கே புளி இருக்கும். அந்தப் புளிதான் உலோகப் பாத்திரத்துக்கு எமன். பித்தளையிலோ செம்பிலோ புளிக்குழம்பு சற்று நேரம் நின்றால் போதும், களிம்பு ஏறிவிடும். அதைச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்று வலியும்தான். மண்சட்டி புளியைத் தாங்கும். கை தவறினால் தாங்காது. சேலம் வட்டாரத்தில் மாக்கல்லைக் கடைந்து செய்யும் கல்சட்டியும் புளியைத் தாங்கும். ஆனால் அதைத் தூக்குகிறவள் இடுப்பு தாங்க வேண்டும்.

இதற்கு நம் முன்னோர் கண்ட வழி, பித்தளையின் உட்புறத்துக்கு ஈயம் பூசுவது. “ஈயம் பூசறது!” என்ற குரல் தெருவில் கேட்டதும் குழந்தைகள் ஓடுவார்கள். அந்த மனிதர் மரத்தடியில் குழி தோண்டி, துருத்தி வைத்து, கரியைக் கனற வைப்பார். பாத்திரம் பழுத்ததும் நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெள்ளைப் புகை குபீரென்று எழும்பும். வெள்ளீயத்தை ஓர் இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைத்தால், உள்ளே நிலவு காய்ந்த மாதிரி இருக்கும். வேடிக்கைதான். ஆனால் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் மறந்து வைத்தால் பூச்சு வழிந்துவிடும். வைக்காவிட்டாலும் தேய்ந்துவிடும், சில மாதங்களில் மறுபடி அதே குரலுக்குக் காத்திருக்க வேண்டும். உள்ளே இந்தக் கதி என்றால், வெளிப்புறத்தைத் தினந்தோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டும். உள்ளே கெடுக்கிற புளியே வெளியே மெருகு கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் தேய்ந்தது ஸ்திரீகளின் கை.

எனக்கு ஓர் அத்தை மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்தாள். கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் பாதையில், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைத் தாண்டினால் வருகிற ஊர். தெற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மறு வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மழையையும் நிலத்தையும் நம்பியிருந்த குடும்பங்களில் மாதச் சம்பளம் என்ற புது விருந்தாளி நுழைந்தான். அவன் பின்னாலேயே வந்தது எவர்ஸில்வர்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் அத்தையோடு பாத்திரக் கடைக்குத் துணையாகப் போனேன். அத்தை எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல.

“ஏன் தம்பி, பித்தளை மாதிரி இது உழைக்குமா? தகரமாட்டம் இருக்கே!” என்றாள்.

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்தார். ஒரு பித்தளைத் தட்டிலும் ஓர் எவர்ஸில்வர் தட்டிலும் சில சொட்டுப் பிழிந்துவிட்டு, “இருங்கம்மா, விலை பேசி முடிப்போம்” என்றார். பேரம் வெகு நேரம் நடந்தது. பிறகு இரண்டையும் துணியால் துடைத்தார். பித்தளையில் சாறு பட்ட இடம் தனியாகத் தெரிந்தது. மற்றதில் ஒன்றும் இல்லை.

“ஈயம் பூச ஆள் தேட வேணாம். காலையில வச்ச ரசம் ராத்திரி வரைக்கும் இதிலேயே இருக்கலாம்” என்றார்.

இதே பரீட்சை பல ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரில் நடந்திருக்கிறது என்பதை வெகு காலம் கழித்துத்தான் நான் படித்தேன். அங்கே ஹாரி பிரியர்லி என்ற உலோக நிபுணர், துப்பாக்கிக் குழாய் உள்ளே அரித்துப் போவதைத் தடுக்க வழி தேடினார். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நூற்றுக்குப் பதின்மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குரோமியம் சேர்த்து ஓர் எஃகு வார்த்தார். சோதிப்பதற்காக அமிலம் தடவினால், அமிலம் அதைத் தொட மறுத்தது. காடியும் எலுமிச்சைச் சாறும்கூடத் தோற்றன. சாப்பாட்டு மேஜைக் கத்திக்கு இது பொருந்தும் என்று அவர் சொன்னபோது எஜமானர்கள் அக்கறை காட்டவில்லை. கத்தி செய்யும் தொழிலில் இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவர்தான் காடியில் போட்டுப் பார்த்து, ‘ஸ்டெயின்லெஸ்’, அதாவது கறைபடாதது, என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் குரூப் தொழிற்சாலையார் நிக்கலையும் சேர்த்தார்கள். நல்ல பாத்திரங்களுக்கு இன்று வழக்கமான கலவை 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றை மேலே போர்த்துகிறது. கீறல் விழுந்தால் காற்றுப் பட்டதும் அது தானாகவே ஆறிவிடும். யாரும் வந்து பூச வேண்டியதில்லை.

இந்தக் கதையில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. இந்திய உருக்கின் புகழைக் கேட்டு, அதைப் போல் செய்ய முயன்ற மைக்கேல் பாரடே 1820ஆம் ஆண்டை ஒட்டிப் பல உலோகங்களை எஃகோடு கலந்து பார்த்தார். குரோமியமும் அவற்றில் ஒன்று. மேல்பட்டாம்பாக்கத்துக்கு வெகு தூரமில்லாத பரங்கிப்பேட்டையில், ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830 வாக்கில் இரும்பாலை வைத்துச் சேலத்துத் தாதுவை உருக்கினார். பிற்பாடு அவர் ஷெபீல்டுக்கே போய், 1839இல் மாங்கனீஸ் சேர்த்து எஃகு வார்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். அந்த முறையால் ஊர் செழித்தது; அவருக்குக் கிடைத்தவை வழக்குகள்தாம்.

நம் நாட்டில் எவர்ஸில்வர் வெகு காலம் வெளிநாட்டுத் தகட்டை நம்பியிருந்தது. அதனால் விலை அதிகம், மதிப்பும் அதிகம். நகை போல் நிறுத்து விற்றார்கள். பெயர் வெட்டி வாங்கினார்கள். பழைய பட்டுப் புடவையைக் கொடுத்து ஒரு தூக்கு வாங்கியவர்கள் உண்டு. கல்யாணச் சீரில் பித்தளை அண்டா பின்னுக்குப் போய், எவர்ஸில்வர் குடம் முன்னுக்கு வந்தது. சேலம் உருக்காலை 1981இல் தகடு உருட்டத் தொடங்கியது. கல்சட்டிக்குப் பேர்போன வட்டாரமே எவர்ஸில்வருக்கும் பேர்போனதாகிவிட்டது!

கடைக்காரரிடம் திரும்புவோம். சந்தேகம் தீர்ந்த அத்தைக்கு ஆசை வந்துவிட்டது. ஆவக்காய் போட்டு வைக்கப் பெரிய சம்புடம் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“அதுக்கு இது வேணாம்மா” என்றார் கடைக்காரர். “புளியைத் தாங்கும், மாசக்கணக்கா உப்பைத் தாங்காது. புள்ளி விழும். அந்த ஜாடியை எடுங்க. இன்னொண்ணு, பால் காய்ச்சினா அடி பிடிக்கும். தீயைக் குறைச்சே வைங்க.”

இரண்டும் உண்மை. உப்பு அந்த மெல்லிய தோலை ஊசியால் குத்துவதுபோல் குத்தித் துளைக்கும். சூட்டைப் பரப்புவதில் செம்பு எவர்ஸில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் வல்லது. எவர்ஸில்வரில் சூடு ஒரே இடத்தில் நின்று பாலைக் கருக்கும். பாத்திரத்தின் அடியில் செம்போ அலுமினியமோ ஒட்டுவது இதற்காகத்தான்.

ஜாடியின் குலமோ மிகப் பழையது. ஆங்கிலத்தில் அதைக் கல் பாண்டம் என்கிறார்கள். உண்மையில் அது மண்தான். 1200 டிகிரி அளவில் சுடும்போது மண் இறுகிக் கண்ணாடித் தன்மை பெறுகிறது. சாதாரணப் பானை கசியும், அதனால் தண்ணீர் குளிரும். ஜாடி கசியாது, அதனால் ஊறுகாய் கெடாது. பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஜாடிகளுக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. இந்தியில் இன்றும் ஊறுகாய் ஜாடி ‘மர்த்தபான்’தான். இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிட்டு நிரப்பிய அத்தகைய ஜாடிகளை 14ஆம் நூற்றாண்டு யாத்திரிகர் இப்னு பட்டூடாவே குறிப்பிடுகிறார். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் நல்ல வெள்ளைக் களிமண் அகப்பட்டது. அதை வைத்துப் பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. கரிக்காகத் தோண்டியவர்களுக்குப் பாண்டத்துக்கும் மண் கிடைத்தது.

அத்தை அன்று ஒரு குண்டானும் ஒரு ஜாடியும் வாங்கி வந்தாள். லாபம் அதிகம் தரும் சம்புடத்தை விற்காமல் ஜாடியைக் கொடுத்த கடைக்காரரை அதன்பின் அவள் கடைசிவரை விடவில்லை. ஒரு பொருளின் நன்மையைச் சொல்லி விற்பது சுலபம். அந்த நன்மை எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறவனே நல்ல வியாபாரி.

அத்தையின் விரல்களில் சாம்பல் தேய்த்த வெடிப்புகள் மெல்ல ஆறின. பாத்திரம் தேய்த்த நேரத்தில் மத்தியானம் பத்திரிகைத் தொடர்கதை படிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கிடைத்த முதல் வாசகி அவள்தான் என்பதால், எவர்ஸில்வருக்கு நான் தனிப்பட்ட முறையில் கடன்பட்டவன். ஆனால் அந்தத் துருத்திக்காரர் கடைசியாக எங்கள் தெருவுக்கு வந்தது எந்த வருஷம் என்று யாருக்கும் நினைவில்லை. அவரை யாரும் போகச் சொல்லவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.