மான்டி கார்லோவின் விளக்கு வழக்கு

1966ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து தனித்தனியே புறப்பட்ட கார்கள், பனி மூடிய மலைப்பாதைகளை இரவும் பகலும் கடந்து, மத்தியதரைக் கடலோரத்திலுள்ள மொனாக்கோவில் வந்து சேர்ந்தன. அதுதான் உலகப் புகழ்பெற்ற மான்டி கார்லோ ராலி. முதல் மூன்று இடங்களையும் மினி கூப்பர் எஸ் என்னும் சின்னஞ்சிறு பிரிட்டிஷ் கார்களே கைப்பற்றின. ஓட்டியவர்கள் பின்லாந்தைச் சேர்ந்த டிமோ மாக்கினென், ரௌனோ ஆல்டோனென், வட அயர்லாந்தைச் சேர்ந்த பேடி ஹாப்கர்க் ஆகியோர். நான்காம் இடம் ஃபோர்டு லோட்டஸ் கார்ட்டினாவை ஓட்டிய ரோஜர் கிளார்க்குக்கு.

ஆனால் பரிசு இவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை! பந்தயம் முடிந்து கார்களைச் சோதித்த அதிகாரிகள் நால்வரையும் தகுதியற்றவர்கள் என்று நீக்கிவிட்டார்கள். பிரெஞ்சுக் காரான சித்ரோவனை ஓட்டிவந்த பௌலி டொய்வோனென் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

அப்படி என்ன குற்றம்? எஞ்சினைத் திருத்தினார்களா? குறுக்கு வழியில் வந்தார்களா? இரண்டும் இல்லை. முகப்பு விளக்கினுள் இருந்த குமிழில் இரண்டு இழைகளுக்குப் பதிலாக ஒரே இழை இருந்தது. அதுவே குற்றம்.

ஒரு விளக்கு இழைக்காக ஒரு பந்தயத்தின் முடிவையே மாற்றலாமா என்று நீங்கள் வியக்கலாம். அந்த இழையின் கதையைப் பார்ப்போம். நம் பாடப்புத்தகத்திலுள்ள ஓம் விதியும் இருமடி எதிர்விகித விதியும் அந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கின்றன.

கூடுதல் விளக்கு எதற்கு?

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். உலர்ந்த சாலையில் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் வேகம் குறையுமானால், வண்டி நிற்க மேலும் 45 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 70 மீட்டர். பனி படிந்த பாதையில் இந்த வேகக் குறைவு ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிட்டால்? கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 250 மீட்டர் வரும். ஆகவே, 250 மீட்டருக்கு அப்பால் இருப்பதைக் காண முடியாத ஓட்டுநர் உண்மையில் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

சரி, இரண்டு விளக்குகளுக்கு நான்காகப் பொருத்தினால் இருமடங்கு தூரம் தெரியுமா? தெரியாது. ஒளிர்வு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரத்தை இருமடங்காக்க ஒளிச்செறிவை நான்கு மடங்காக்க வேண்டும். அதே விளக்குகளை இரட்டித்தால் காணும் தூரம் சுமார் 1.4 மடங்குதான் கூடும். எனவேதான் கூடுதல் விளக்கு எப்போதும் தனி வேலைக்கென்று வடிவமைக்கப்படுகிறது. தொலைவிளக்கு தன் ஒளியை ஒரு குறுகிய கற்றையாகக் குவித்து நெடுந்தூரம் அனுப்புகிறது. பனிமூட்ட விளக்கு தாழ்வாகப் பொருத்தப்பட்டு, ஒளியைத் தட்டையாக இருபுறமும் பரப்புகிறது. மேல்நோக்கி ஒளியை விடுவதில்லை. மேலே செல்லும் ஒளி பனித்துளிகளில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்பிவிடும் அல்லவா?

இங்கே ஒரு தவறான கருத்தையும் திருத்திக்கொள்வோம். மஞ்சள் ஒளி பனிமூட்டத்தை ஊடுருவும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வானத்தை நீலமாக்கும் சிதறல், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய மூலக்கூறுகளால் நிகழ்வது. பனிமூட்டத்தின் நீர்த்துளிகளோ அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பனிமூட்டம் வெண்மையாகத் தெரிவதே இதற்குச் சான்று. விளக்கின் நிறத்தைவிட, அது கற்றையை எப்படி அனுப்புகிறது என்பதே இங்கு முக்கியம்.

பந்தயம் வளர்த்த விளக்கு

கார் விளக்குகளின் வளர்ச்சியில் பிரான்சுக்குத் தனி இடம் உண்டு. 1923இல் ல மான் நகரில் முதல் 24 மணி நேரப் பந்தயம் நடந்தது. இரவு முழுவதும் ஓட வேண்டும் என்ற நிபந்தனையே விளக்குகளுக்குப் பெரும் சோதனையாயிற்று. அப்போட்டியில் ஓடிய பென்ட்லி காரின் முகப்பு விளக்கு ஒன்று கல் பட்டு உடைந்தது. 1926இல் வென்ற லோரேன்-டீட்ரிக் கார், வழக்கமான இரண்டு விளக்குகளோடு பனிமூட்டத்துக்கென நடுவில் ஒரு விளக்கையும் தாங்கி ஓடியது. மார்ஷல், சிபியே என்னும் பிரெஞ்சு விளக்குகளின் புகழ் இத்தகைய பந்தயங்களின் வழியேதான் கடல் கடந்து பரவியது.

அடுத்த பெரும் மாற்றம் குமிழுக்குள் நிகழ்ந்தது. சாதாரண மின்குமிழில் வெப்பமேறிய டங்ஸ்டன் இழையிலிருந்து அணுக்கள் ஆவியாகிக் கண்ணாடியில் கரும்பூச்சாகப் படிகின்றன. இழை மெலிகிறது, கண்ணாடி மங்குகிறது. குமிழுக்குள் சிறிதளவு அயோடின் சேர்த்தால் என்ன நடக்கும்? சூடான சுவரருகே அயோடின் டங்ஸ்டனோடு சேர்ந்து ஒரு வாயுச் சேர்மமாகிறது. அச்சேர்மம் இழையருகே சென்றதும் வெப்பத்தால் சிதைந்து, டங்ஸ்டனை இழைப் பக்கமே விட்டுவிடுகிறது. திருடிய பொருளைத் திருடனே திருப்பிக் கொண்டுவந்து வைப்பது போன்ற வேலை இது! கண்ணாடி தெளிவாக இருப்பதால் குமிழைச் சிறிதாக்கலாம், இழையை மேலும் சூடாக்கலாம். ஒரே மின்திறனுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு ஒளி கிடைக்கும். இந்த வெப்பத்தைச் சாதாரணக் கண்ணாடி தாங்காது என்பதால் குவார்ட்ஸ் பயன்படுத்தினர்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்களான எல்மர் ஃபிரிட்ரிக், எம்மெட் வைலி ஆகியோர் இவ்விளக்குக்கு 1959இல் காப்புரிமை பெற்றனர். 1962இல் ஐரோப்பாவில் எச்1 என்னும் கார்க் குமிழ் வந்தது. ஆனால் அதில் ஒரே ஓர் இழைதான். நம் வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஓர் இழை, இரு வேலை

முகப்பு விளக்கு இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். வெற்றுச் சாலையில் தூரத்தைக் காட்ட வேண்டும். எதிரே வண்டி வந்தால் தாழ்ந்து கொடுக்க வேண்டும். நாம் பேச்சுவழக்கில் டிம் அடிப்பது என்போமே, அதுதான். பரவளைய ஆடியின் குவியத்தில் ஓர் இழை இருந்தால் ஒளி இணைகற்றையாகச் செல்லும். குவியத்திலிருந்து சற்று விலகி இரண்டாவது இழை இருந்து, அதன் கீழே ஒரு சிறு மறைப்பும் இருந்தால் ஒளி தாழ்ந்து செல்லும். 1920-களிலிருந்தே சாதாரணக் குமிழில் இந்த இரட்டை இழை ஏற்பாடு உண்டு. ஆனால் 1966இல் இரட்டை இழை கொண்ட ஹாலஜன் கார்க் குமிழ் விற்பனைக்கு வந்திருக்கவில்லை.

மினி குழுவினர் என்ன செய்தனர்? முகப்பு விளக்கில் ஒற்றை இழை அயோடின் குமிழைப் போட்டனர். டிம் செய்ய வேண்டியபோது முகப்பு விளக்குகளை அணைத்துவிட்டு, முன்னே கூடுதலாகப் பொருத்திய பனிமூட்ட விளக்குகளை எரியவிட்டனர். கடைகளில் விற்ற மினியில் இருந்ததோ இரட்டை இழைக் குமிழ். அவ்வாண்டின் புதிய விதிப்படி முதல் பிரிவுக் கார்கள், ஓராண்டில் 5,000 எண்ணிக்கையில் தயாராகும் கார்களைப் போலவே இருக்க வேண்டும். டிம் செய்யும் முறை அந்தக் காரில் உள்ளது போல் இல்லை என்பதே அதிகாரிகளின் வாதம். மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

கம்பிக்குள் காணாமற்போகும் ஒளி

இதுபோன்று விளக்குகளைக் கூட்டுவது சொல்ல எளிது, செய்யக் கடினம். அக்கால மினியின் பாட்டரி பின்புறச் சாமான் அறையில் இருந்தது. அங்கிருந்து ஒரு தடித்த கேபிள், முன்னே எஞ்சினருகே இருந்த ஸ்டார்ட்டர் சாலினாய்டுக்கு வந்தது. அங்கிருந்து மின்சாரம் எடுத்து, டாஷ்போர்டு சுவிட்சுக்குக் கொண்டுபோய், மீண்டும் முன்பக்க விளக்குகளுக்குக் கொண்டுவந்தால் கம்பியின் நீளம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டரானால் அதன் மின்தடை 0.07 ஓம். நான்கு 55 வாட் விளக்குகளுக்கு 12 வோல்ட்டில் 18.3 ஆம்பியர் வேண்டும். ஓம் விதிப்படி கம்பியிலேயே ஏறத்தாழ 1.3 வோல்ட் போய்விடுகிறது.

"பத்தில் ஒரு பங்குதானே!" என்று அலட்சியமாக எண்ணாதீர்கள். இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் சுமார் 3.4ஆம் அடுக்கைப் பொறுத்தது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். நான்கு விளக்குகளை விலை கொடுத்து வாங்கி, மூன்று விளக்குகளின் ஒளியைக்கூடப் பெறாத நிலை! அதோடு கம்பியில் 20 வாட்டுக்கு மேல் வெப்பம் வேறு. சுவிட்சும் சுடும்.

இதற்குத் தீர்வு ரிலே. 1830-களில் ஜோசப் ஹென்றியின் மின்காந்த ஆய்வுகளில் பிறந்து, தந்திக் கம்பிகளில் வளர்ந்த கருவி அது. டாஷ்போர்டு சுவிட்ச், ரிலேயின் கம்பிச்சுருளுக்கு ஆம்பியரில் ஐந்திலொரு பங்கு அளவே மின்னோட்டம் அனுப்புகிறது. சுருள் காந்தமாகி ஒரு தொடுமுனையை இழுக்கிறது. பெரிய மின்னோட்டம் சாலினாய்டிலிருந்து ஃப்யூஸ் வழியாக, குறுகிய தடித்த கம்பியில் நேரே விளக்குக்குப் போகிறது. 3 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் போதுமென்றால் இழப்பு 0.1 வோல்ட்தான். இந்தக் கணக்கை நான் வகுப்பில் வெறும் பலகையில் போடுவதில்லை. ஒரு பாட்டரி, ஒரு கார்க் குமிழ், மெல்லிய நீண்ட கம்பி ஒன்று, தடித்த குட்டைக் கம்பி ஒன்று ஆகியவற்றைக் கொண்டு செய்து காட்டுவதுண்டு. மாணவர்கள் வோல்ட்மீட்டரைப் பார்க்கும் முன்பே குமிழைப் பார்த்து வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. அக்காலப் பிரிட்டிஷ் கார்களின் டைனமோ தந்தது 22 ஆம்பியர் அளவில்தான். நான்கு கூடுதல் விளக்குகளும் இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து எரிந்தால் 27 ஆம்பியர் வேண்டும். மிச்சத்தைப் பாட்டரிதான் கொடுக்கவேண்டும். அப்படியே விட்டால் விடியுமுன் பாட்டரி தீர்ந்துவிடும். எல்லா விளக்குகளுக்கும் ஒரே ஃப்யூஸ் வைப்பதும் பெரும் தவறு. மலை வளைவில் அது உருகினால் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். விளக்குக்கு ஒரு ஃப்யூஸ் என்பதே பாதுகாப்பு. அரைக்காசுச் சிக்கனம் உயிருக்கு உலை வைக்கக்கூடாது.

எதிரே வருபவர்

இனி வழக்குக்குத் திரும்புவோம். டிம் செய்யும் விதி ஏன் இவ்வளவு முக்கியம்? பிரகாசமான ஒளி பட்ட கண், இருட்டுக்குப் பழகிய நிலைக்குத் திரும்பச் சில விநாடிகள் ஆகும். நான்கு விநாடி என்று கொண்டால் 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருபவர் 100 மீட்டர் குருடராக ஓட்டுகிறார். ராலி நடப்பது பொதுச் சாலையில். எதிரே வருபவர் போட்டியாளர் அல்லர். சந்தையிலிருந்து வீடு திரும்பும் விவசாயியாக இருக்கலாம்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் விதி நியாயமானதே. ஆனால் மினிக்காரர்கள் அந்த விவசாயியின் கண்ணைக் கூசச் செய்தார்களா? இல்லை. பனிமூட்ட விளக்கின் தாழ்ந்த கற்றை மேல்நோக்கிப் போகாதது என்று முன்பே பார்த்தோம். விதியின் நோக்கம் நிறைவேறியது. அதன் எழுத்து நிறைவேறவில்லை. அவர்கள் தண்டிக்கப்பட்டது எழுத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எனினும், புதிய விதியைப் பந்தயத்துக்கு முன்பே நன்கு படித்துத் தெளிவு பெற்றிருக்க வேண்டியது குழுவின் பொறுப்பு என்பாரும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம்?

வரலாறு தன் பதிலைச் சொல்லிவிட்டது. 1967இல் ஆல்டோனென் மினியிலேயே வென்றார். 1971இல் எச்4 என்னும் இரட்டை இழை ஹாலஜன் குமிழ் வந்தது. ஐந்தாண்டு முன்னதாக வந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. அமெரிக்காவிலோ 1940 முதல் நிலைத்துவிட்ட சீல்டு பீம் விளக்கைத் தவிர வேறு முகப்பு விளக்குக்கு 1983 வரை இடமில்லை. அதனால் அங்கே ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்கள் பிரெஞ்சு விளக்குகளை வரவழைத்து, கூடுதல் விளக்குகளாகத் தாங்களே பொருத்தி, ரிலேயும் ஃப்யூஸும் இணைத்துக்கொண்டனர்.

இன்று எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. மின்னோட்டம் குறைந்தது, கம்பியின் கவலையும் குறைந்தது. எதிரே வருபவரின் கண் மட்டும் மாறவில்லை. உங்கள் நண்பர் யாரேனும் தம் வண்டிக்குக் கூடுதல் விளக்கு வாங்கி வந்தால், எத்தனை வாட் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் கம்பி, எத்தனை ஃப்யூஸ் என்று கேளுங்கள். பிறகு அவரை இரவில் வண்டியிலேயே உட்காரவைத்து விளக்கைப் போடச் சொல்லி, நீங்கள் ஐம்பது மீட்டர் தள்ளி எதிரே போய் நின்று பாருங்கள். மான்டி கார்லோ அதிகாரிகள் செய்யாத சோதனை அது.