தாளில் பிரிந்த உலோகங்கள்

கீழ்பென்னாத்தூர் பக்கம் பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்த தலைமுறைக்கு ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் மறக்காது. வீழ்படிவாக்கி, வடிகட்டி, கழுவி, கரைத்து ஓர் உலோகத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். கலந்து கிடக்கும் நான்கு உலோகங்களை ஒரு வடிதாள் துண்டே பிரித்துவிடும் என்பது அந்த மேசையில் நின்றவருக்குத்தான் எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

தாளில் முதலில் விழுந்ததே உலோக உப்புகள்தான். ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே 1850-களில் அவற்றின் கரைசல்களை ஒற்றுத்தாளில் சொட்டி, விரிந்த வண்ண வளையங்களை 1855-ல் நூலாகவே வெளியிட்டார். அழகைக் கண்டார், அதைப் பகுப்பாய்வு முறையாக வளர்க்கவில்லை.

வழி கம்பளியிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் லீட்ஸில், கம்பளித் தொழில் ஆய்வகத்தில், வேதியியலாளர்கள் மார்ட்டினும் சிங்கும் கம்பளியிலுள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்கப் போராடினார்கள். இரண்டு திரவங்களுக்கிடையே பொருள்கள் பங்கிட்டுக்கொள்ளும் அளவு வேறுபடுவதை 1941-ல் பயன்படுத்திக் காட்டினர். 1944-ல் மார்ட்டின், கான்ஸ்டன், கார்டன் மூவரும் அதைத் தாளுக்குக் கொண்டுவந்தார்கள். காய்ந்ததாகத் தெரியும் வடிதாளும் தனக்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நீர் அசையாது. கரைப்பான் மட்டும் ஏறும். இவைதான் அந்த இரண்டு திரவங்கள். மார்ட்டினுக்கும் சிங்குக்கும் 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உலோகங்கள் தாளுக்குத் திரும்பியது இங்கிலாந்தின் டெடிங்டன் வேதியியல் ஆய்வகத்தில். பர்ஸ்டால், லின்ஸ்டெட் முதலானோர் 1948-ல் 'நேச்சர்' இதழில் பிரித்தல், கண்டறிதல், அளத்தல் மூன்றையும் ஒரே முறையில் காட்டினார்கள்.

செய்முறை எளிது. உலோகக் கரைசலில் ஒரு சொட்டைத் தாளின் அடியில் வைத்து, அசிட்டோனும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிறிது நீரும் கலந்த கரைப்பானில் நுனியை நனைக்க வேண்டும். இரும்பு குளோரைடோடு இறுகப் பிணைந்து அசிட்டோனோடு ஓடிவிடும். இரும்புத்தாது உள்ள கவுத்திமலை மண்ணை அமிலத்தில் கரைத்து வைத்தாலும் முதலில் மேலே போவது அந்த மஞ்சள் பட்டைதான். அடுத்து தாமிரம், அதற்குக் கீழே கோபால்ட். நிக்கலுக்குக் குளோரைடோடு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. தாளின் நீரிலேயே தங்கிவிடும். தாளைக் காயவைத்து, அம்மோனியா ஆவி காட்டி, ரூபியானிக் அமிலம் தெளித்தால் தாமிரம் ஆலிவ் பச்சையாகவும், கோபால்ட் பழுப்பாகவும், நிக்கல் நீலமாகவும் தெரியும். எனக்கு இதைவிட அழகான வேதியியல் பாடம் தெரியாது.

அளப்பதற்கும் பெரிய கருவி தேவைப்படவில்லை. தெரிந்த அளவு உலோகம் வைத்த தாள்களை அதே மாதிரி ஓட்டி, நிற அடர்த்தியை ஒப்பிட்டால் மைக்ரோகிராம் கணக்கு வந்துவிடும். 1950-களில் தாது தேடியவர்கள் மண்ணிலுள்ள தாமிரம், கோபால்ட், நிக்கலை இப்படியும் அளந்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், கே.வி. கிரி வட்டத்தாளின் நடுவிலிருந்து கரைப்பானைப் பரவவிட்டு அமினோ அமிலங்களைப் பிரித்தார். அவருடைய முறையும் 1952-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வடிதாள், மூடி போட்ட கண்ணாடித் தட்டு, ஒரு திரி: எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் சேர்க்கக்கூடிய சாமான்கள்.